ஊசி தாண்டிய இடம்

எங்கள் ஆயா ஒரு பாட்டைத் தப்பாகப் பாடுவார். 1969-இல் வெளிவந்த 'அடிமைப் பெண்' படத்துக்காகக் கே.வி.மகாதேவன் இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பி.சுசீலாவும் பாடிய நிலாப் பாட்டு அது. பாத்திரம் துலக்கும்போதும் அரிசி புடைக்கும்போதும் அது தானாக அவர் வாயில் வந்துவிடும். நடுவில் ஓரிடத்தில் சில சொற்களை அப்படியே விழுங்கிவிட்டு, மூச்சுக்கூட விடாமல் அடுத்த இடத்துக்குத் தாவிவிடுவார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். ஆயாவுக்கு மறதி கிடையாது. எங்கள் வீட்டு ரிக்கார்டு எப்படிப் பாடியதோ அப்படித்தான் அவரும் பாடிக்கொண்டிருந்தார். இந்த உண்மை எனக்கு விளங்குவதற்குள் நான் செய்த ஒரு பெரும்பிழையையும் சேர்த்துத்தான் இக்கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தாத்தா. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் பாலிஷ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1856-இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பெரம்பூரில் தொடங்கிய பட்டறைகளின் வழிவந்த தொழிற்சாலை அது. பழைய பெட்டிகளின் உட்புறத் தேக்குப் பலகைகளுக்கும், அதிகாரிகள் செல்லும் சலூன் வண்டிகளின் மேசை நாற்காலிகளுக்கும் மெருகேற்றுவது அவர் வேலை. பட்டறையில் இரும்பின் மேல் இரும்பு விழும் ஓசையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டாரா, காது போய்விட்டது. மிச்சம் இருந்ததை மைக் செட் கொண்டுபோயிற்று.

ஆம், மைக் செட். மாலையில் வேலை விட்டு வந்ததும் தாத்தாவுக்கு இன்னொரு தொழில் இருந்தது. நண்பர் ஒருவரோடு கூட்டாக ஒரு ரிக்கார்டு பிளேயர், ஓர் ஆம்ப்ளிபயர், நான்கு குழாய் ஸ்பீக்கர் வைத்திருந்தார். செம்பியம், அகரம், ஜமாலியா, ஓட்டேரி, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர்கள்தாம் போவார்களாம். ரிக்கார்டுகளில் புதிதாக வாங்கியவை கொஞ்சம். மூர் மார்க்கெட்டில் பழையதாகப் பொறுக்கியவையே அதிகம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சந்தை 1985-இல் எரிந்துபோனது. அவ்விடத்தில் இப்போது ரயில்வேயின் கட்டடம் நிற்கிறது. மின்சார ரயிலுக்கு அங்கே நிற்கும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு புத்தகச் சந்தையும் பாட்டுச் சந்தையும் இருந்தது தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கே தாத்தா சொல்லித்தான் தெரியும்.

கல்யாண வீட்டில் ரிக்கார்டு தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தாத்தா ஒரு கதை சொல்வார். செம்பியத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி ஆரத்திக்கு நிற்கிற நேரம் பார்த்து ஊசி ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டது. குழாயில் 'வேண்டாம், வேண்டாம், வேண்டாம்' என்று தெருக்கோடி வரை கேட்கிறது. தாத்தா தெரு முனையில் வடை தின்றுகொண்டிருந்தாராம். அவர் ஓடி வருவதற்குள் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பிளேயரின் மேல் துண்டைப் போட்டு மூடினாராம், அப்படி மூடினால் சத்தம் அடங்கிவிடும் என்று. அன்றைக்குக் கூலியில் பாதிதான் கிடைத்தது.

இதற்கு மைக் செட்காரர்கள் எல்லாரும் கையாண்ட வைத்தியம் ஒன்றுதான்: காசு வைப்பது. ஊசி இருக்கும் தலைப்பகுதியின் மேல் ஒரு காசை வைத்துவிட்டால் பாரம் கூடும், ஊசி கோட்டைவிட்டுத் துள்ளாது. தாத்தாவின் பெட்டியில் இன்றும் ஒரு 25 பைசா காசு நூலால் கட்டிக் கிடக்கிறது. அந்தக் காசு 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசு ஆகிவிட்டது. வேதியியல் ஆய்வகத் தராசில் அதை நிறுத்துப் பார்த்தேன். இரண்டரை கிராம். அற்பம் என்று தோன்றும். ஆனால் அக்காலத்துப் பிளேயரின் ஊசி தட்டின்மேல் இருக்கும் பாரமே ஏறத்தாழ ஐந்து கிராம்தான். அந்த ஐந்து கிராமும் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனையின் வழியாக இறங்குகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது என்று பள்ளியிலேயே படித்தோமே, அந்தப் பரப்பளவு இங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை. காசை வைத்ததும் அழுத்தம் ஒன்றரை மடங்காகிறது. அன்றைய கல்யாணம் தப்பிக்கும். அடுத்த பத்துக் கல்யாணத்தில் தட்டின் கோடுகள் தேய்ந்து, பாட்டு அம்மியில் அரைத்ததுபோல் கரகரக்கும்.

நிற்க. இரண்டாண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த ரிக்கார்டுப் பெட்டி இறங்கியது. எழுபதுக்கு மேல் தட்டுகள். உறைகளைக் கரையான் தின்றிருந்தது. தட்டுகளின்மேல் வெள்ளைப் பூஞ்சை. அப்பா பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்றார். பிறகு, அமெரிக்காவில் 2022-இல் குறுந்தகட்டைவிட ரிக்கார்டு தட்டுகள் அதிகம் விற்றதாகச் செய்தி படித்துவிட்டு, விற்றால் நல்ல விலை வருமா என்று விசாரிக்கத் தொடங்கினார். சிலர் தட்டை வெந்நீரில் வளைத்துப் பழக்கூடை செய்கிறார்கள், நடுத்துளையில் முள்ளைப் பொருத்திச் சுவர்க் கடிகாரம் ஆக்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தம் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்துக்கொண்டார்.

நான் அப்போது முதலாண்டு இயற்பியல். நமக்குத் தெரியாத விஞ்ஞானமா என்ற எண்ணம் இருந்த பருவம். தாத்தாவை மகிழ்விக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தூங்கும் நேரத்தில், பெட்டியிலிருந்து எல்லாவற்றிலும் பழையதாகத் தோன்றிய ஒரு தட்டை எடுத்தேன். கனமான தட்டு. எஸ்.ஜி.கிட்டப்பா பாடியது. தாத்தாவின் அப்பா பி அண்ட் சி மில்லில் வேலை செய்தவர், நாடகப் பைத்தியம். அவர் வாங்கியது. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் இறந்துபோனார். சினிமாவில் அவர் நடிக்கவில்லை. மேடையில் பாடியது மேடையோடு போயிற்று. அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பதே அவர் பாடிக்கொடுத்த தட்டுகளால்தான்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்திருந்தேன். ஊசி போடுமுன் கையைத் துடைப்பதுதானே, அழுக்கும் பூஞ்சையும் போய்விடும், உடனே உலர்ந்தும்விடும் என்று என் கணக்கு. பஞ்சை நனைத்துத் தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு பார்த்தாயா என்று இன்னொரு பஞ்சை எடுத்தேன். அதுவும் கறுத்தது. மூன்றாவது பஞ்சும் கறுத்தது. எனக்கு உற்சாகம் கூடியது.

தாத்தாவுக்குக் காது கேட்காதே ஒழிய மூக்கு கூர்மை. தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாடா வாசனை? ஸ்பிரிட்டா?"

நான் பெருமையாகத் தட்டைக் காட்டினேன். தாத்தா விரலால் தொட்டார். விரல் ஒட்டியது. மினுமினுப்பெல்லாம் போய்த் தட்டு சாம்பல் பூத்திருந்தது. வெகுநேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரக்குடா இது. முப்பது வருசம் இதத்தானே ஸ்பிரிட்ல கரைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. நாம் 'ரிக்கார்டு' என்று ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு வேறு வேறு பொருள்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினைக் காய்ச்சி வடித்தெடுப்பது அரக்கு. அதோடு கல் பொடியும், கரியும், பஞ்சிழையும் கலந்து சூட்டில் அழுத்தித் தட்டு செய்தார்கள். இந்தியாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை கல்கத்தாவில் வந்தது 1908-இல். மெருகு போடுபவர்கள் வாங்குவதும் அதே அரக்கைத்தான். அவல் போலத் தட்டைத் தட்டையாக இருப்பதால் அவலரக்கு என்பார்கள். அதை ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறப்போட்டால் காலையில் கரைந்து மெருகெண்ணெய் ஆகிவிடும். ரயில் பெட்டியின் தேக்குப் பலகையில் தாத்தா துணிப் பந்தால் தேய்த்தது அதைத்தான். என் பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கில்லை. கிட்டப்பாவின் குரல் பதிந்திருந்த கோடுகளின் சுவர்கள் கரைந்து வந்திருக்கின்றன.

மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளோ வேறு வகை. 1948-இல் அமெரிக்காவில் 33⅓ சுழற்சி எல்.பி.யும், அடுத்த ஆண்டே 45 சுழற்சிச் சிறு தட்டும் வந்தன. அவை வினைல். நம் வீட்டுக் குழாய்களில் இருக்கும் பி.வி.சி. குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பிரிட் அதைக் கரைக்காது. நீரில் கலந்து சிறிதளவு துடைத்தால் ஒன்றும் ஆகாது. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சு. இரண்டுக்கும் வித்தியாசம் அறியாமல் பஞ்சை நனைத்தவன் இயற்பியல் மாணவன்!

ஒரு வாரம் கழித்து, அதே பாட்டை இணையத்தில் தேடிப் பிடித்து, செல்பேசியைத் தாத்தாவின் காதோரம் வைத்தேன். முழுச் சத்தத்தில் வைத்தால் அவருக்குக் கொஞ்சம் கேட்கும். பாட்டு முடியும்வரை கேட்டார். "பாட்டு இருக்குது. எங்கப்பன் தட்டு எங்க?" என்றார். பெட்டிக்குப் பூட்டு வந்தது. எட்டு மாதம் அந்தப் பூட்டு திறக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தில்தான் ஆயாவின் பாட்டை நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். அவர் வானொலியிலும் டி.வி.யிலும் அந்தப் பாட்டை எத்தனையோ முறை சரியாகக் கேட்டிருப்பார். ஆனால் வாய் பழகியது வீட்டுத் தட்டில். எப்போதும் அதே இடத்தில், அதே அளவு தாவுகிறார். மறதி என்றால் ஒருநாள்போல் மறுநாள் இருக்காது. ஒரு மாலை முழுப் பாட்டையும் செல்பேசியில் ஓடவிட்டு, ஆயா விழுங்கும் பகுதியின் நீளத்தை அளந்தேன். நான்கு விநாடி. மூன்று முறை அளந்தும் நான்குதான்.

இங்கே கணக்கு வேலை செய்தது. நிமிடத்துக்கு 45 சுழற்சி என்றால் ஒரு சுழற்சிக்கு ஒன்றேமுக்கால் அல்ல, ஒன்றே கால் விநாடிக்குச் சற்று அதிகம்: 1.33. (முதலில் 33⅓ என்று நினைத்து 1.8 விநாடியால் வகுத்துக் குழம்பினேன்.) நான்கை 1.33-ஆல் வகுத்தால் மிகச் சரியாக மூன்று. அதாவது அந்தத் தட்டில் ஊசி ஓரிடத்தில் மூன்று கோடுகளைத் தாண்டி விழுகிறது. கோடு என்று சொன்னாலும் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே கோடுதான், சுருளாக உள்நோக்கிப் போகிறது. ஆறு நிமிடம் பாடும் ஒரு இ.பி. பக்கத்தின் சுருளை நீட்டினால் ஏறத்தாழ 115 மீட்டர் வரும். நம் ஐ.சி.எஃப். பெட்டிகள் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ, அதைவிடச் சற்று அதிகம். அவ்வளவு தூரம் ஓடும் ஊசி, தலைமுடியைவிடக் குறுகிய பாதையில் ஓடுகிறது. அது தடம் புரள்வது வியப்பில்லை, புரளாமல் இருப்பதே வியப்பு.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'ஆயா பாட்டு – 4 விநாடி – 3 கோடு' என்று எழுதித் தாத்தாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிரித்தார். எட்டு மாதத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மூணுதான். எனக்குத் தெரியும்" என்று மூன்று விரலைக் காட்டினார். காது மங்கத் தொடங்கிய பிறகு அவர் பாட்டைக் கண்ணால்தான் கேட்டிருக்கிறார். ஊசிக் கை எங்கே நிற்கிறது, எங்கே லேசாக உதறுகிறது என்று பார்த்தே தாண்டலைக் கண்டுபிடிப்பாராம். அன்றிரவு பெட்டி திறந்தது. அந்த இ.பி. தட்டை மட்டும் எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார். "இத பாரு. ஸ்பிரிட் கிட்ட போவாத."

இந்த முறை அவசரப்படவில்லை. தட்டு தாண்டுகிறது என்றவுடன் கீறல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலா தாண்டுகிறது என்பதை. இடம் மாறி மாறித் தாண்டினால் குற்றம் பிளேயர்மேல்: பெட்டி சமமாக வைக்கப்படவில்லை, ஊசிக் கையின் அச்சு இறுகியிருக்கிறது, அல்லது ஊசியில் பஞ்சு சுற்றியிருக்கிறது. எங்கள் பிளேயரில் மூன்றுமே இருந்தன. கொத்தனாரின் ரசமட்டத்தை இரவல் வாங்கிப் பெட்டிக்கு அடியில் அட்டை கொடுத்துச் சமமாக்கினேன். ஊசியைப் பின்னாலிருந்து முன்னாக மென்மையான தூரிகையால் துடைத்தேன். பக்கவாட்டில் துடைத்தால் ஊசி முறிந்துவிடும். அதன்பின் வேறு தட்டுகள் தாண்டுவது நின்றது. ஆயாவின் தட்டு மட்டும் அதே இடத்தில் தாண்டியது. ஆக, குற்றம் தட்டில்தான்.

அடுத்தது குளியல். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி வந்தேன். பெரம்பூர்க் குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பு கோட்டுக்குள் படிந்து, போன அழுக்குக்குப் பதில் புது அழுக்கு வரும். நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டே சொட்டு. நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமலிருக்க இரு பக்கமும் பிளாஸ்டிக் மூடி வைத்து அழுத்திக்கொண்டேன். மென்மையான தூரிகையால் கோட்டின் போக்கிலேயே, வட்டமாக. குறுக்கே ஒரு முறைகூடக் கூடாது. பிறகு வெறும் நீரில் அலசி, நிழலில் நிறுத்திவைத்தேன். மொட்டை மாடியில் காயவைத்தால் நம் ஊர் வெயிலில் தட்டு அப்பளமாகிவிடும். தண்ணீர் கலங்கி வந்தது. பூஞ்சை போயிற்று. பாட்டு எவ்வளவோ தெளிந்தது. எஸ்.பி.பி.யின் இளம் குரலில் இருந்த ஒரு நடுக்கம்கூடக் கேட்டது. ஆனால் ஆயாவின் இடத்தில் ஊசி மறுபடி தாண்டியது.

தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தட்டின்மேல் கெட்டியாகப் பூசி, காய்ந்ததும் தோல் போல உரித்தெடுத்தால் ஆழத்திலிருக்கும் தூசியெல்லாம் அதோடு வந்துவிடும் என்று ஒரு வழி இருக்கிறது. வினைலுக்கு மட்டும்தான், அரக்குத் தட்டுக்கு ஆகாது. கிட்டப்பா நினைவுக்கு வந்ததால் ஆயாவின் தட்டில் நேரே கை வைக்கவில்லை. அல்லிக்குளம் வளாகத்தில் உருப்படாத தட்டு ஒன்றை வாங்கி வந்து அதில் செய்து பார்த்தேன். முதல் முறை பசையை மெல்லியதாகப் பூசிவிட்டதால் துண்டு துண்டாகக் கிழிந்து, நகத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கெட்டியாகப் பூசி, ஓரத்தில் பிடித்திழுக்க, முழுதாக வந்தது. உரித்த தோலை வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகளின் அச்சு அப்படியே தெரிந்தது. பிறகே ஆயாவின் தட்டுக்குப் பூசினேன். உரித்தேன். ஓட்டினேன். தாண்டியது.

இனி இது அழுக்கில்லை. எங்கள் துறை ஆசிரியரிடம் கேட்டு, கல்லூரி ஆய்வகத்தில் மாலை ஒரு மணி நேரம் நகரும் நுண்ணோக்கியை வாங்கினேன். நுண்குழாயின் விட்டம் அளந்து அளந்து நாமெல்லாரும் வெறுத்துப்போன அதே கருவிதான். ஆய்வக உதவியாளர் "பாட்டுத் தட்டுக்கு அளவெடுக்கிறாயா, எந்தச் சோதனை இது?" என்று கேட்டார். தட்டை மேடையில் வைத்து, செல்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், கறுப்பு வயலில் உழவுச்சால் போலக் கோடுகள் வரிசை வரிசையாக ஓடின. அவற்றின் குறுக்கே ஒரு கீறல். கீறலினால் பாதை அறுந்ததல்ல சங்கதி. கீறிய பொருள் பெயர்த்துத் தள்ளிய வினைல், கரையில் மண் ஒதுங்கியதுபோல, கோடுகளுக்குள் மேடாகக் குவிந்து நின்றது. ஊசி வருகிறது, மேட்டில் ஏறுகிறது, உள்பக்கம் துள்ளி விழுகிறது. ஊசிக் கையின் அமைப்பிலேயே அதை நடுவை நோக்கி இழுக்கும் ஒரு சிறு விசை உண்டு, அதுவும் சேர்ந்து தள்ளுகிறது. சுவர் இருந்தது, பாட்டு இருந்தது. வழியை அடைத்தது ஒரு மேடு.

அந்த மேட்டைச் சாய்த்தால் போதும். எதனால்? ஊசியால் குத்தினால் சுவர் போய்விடும். வினைலைவிடக் கடினமில்லாத ஏதாவது வேண்டும். தாத்தாதான் தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பிளேடால் முனையைச் சீவிக் கொடுத்தார். அவர் கை இப்போது நடுங்குகிறது. அதனால் அவர் விளக்கைப் பிடித்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு நான் குனிந்தேன். ஈர்க்குச்சி முனையைக் கோட்டில் வைத்து, கோட்டின் போக்கிலேயே, முன்னும் பின்னுமாக, மயிலிறகால் தடவுவதுபோல். நான்கு கோடுகளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. குச்சி நான்கு முறை மழுங்கியது, நான்கு முறை தாத்தா சீவினார். ஒரு தடவை கை வழுக்கிப் பக்கத்துக் கோட்டில் ஏறியபோது இருவருமே மூச்சை நிறுத்திவிட்டோம். நல்லவேளை, ஈர்க்குதானே, ஒன்றும் ஆகவில்லை.

பொடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் ஒரு குளியல் போட்டு உலர்த்தினோம். மறுநாள் காலையில்தான் ஓட்டினேன்.

ஆயா அடுக்களையில் இருந்தார். பாட்டு தொடங்கியதும் அவரும் வழக்கம்போல் கூடவே தொடங்கினார். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசிக் கைக்கு நேரே உட்கார்ந்தார். ஊசி அந்த இடத்தை நெருங்கியது. டிக், டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாக நான்கு சொடுக்கு. கீறல் கீறல்தான், அந்த இடத்துச் சத்தத்தை ஈர்க்குச்சி திருப்பித் தராது. ஆனால் ஊசி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

அடுக்களையில் ஆயா நான்கு விநாடி முன்னால் தாவிவிட்டார். தட்டு தாவவில்லை. தட்டு ஒன்று பாடுகிறது, ஆயா ஒன்று பாடுகிறார். பாத்திரச் சத்தம் நின்றது. கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"இது இன்னா, வேற தட்டா?"

தாத்தாவுக்கு அது கேட்கவில்லை. அவர் ஊசிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உதறாமல் அந்த இடத்தைக் கடந்து, உள்ளே உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, ஊசியின் தலைக்கு மேல் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"காசு வெச்சியா?"

"இல்ல தாத்தா."

நம்பவில்லை. விரலால் தலையைத் தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாட்டு முடிந்து ஊசி லேபிளின் ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தாத்தா கையைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தார்.